பச்சை அம்பும் நாற்பது பக்க நோட்டும்

என் அக்கா மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை செஸ் போட்டிக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். ஐந்து சுற்றில் மூன்று தோல்வி. கைகால்கூடக் கழுவவில்லை. ஆடும்போது ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதிவைத்த தாளைப் பிரித்துத் தரையில் போட்டு, அதைப் பார்த்துப் பார்த்து அக்காவின் போனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏற்றி முடித்ததும் திரையில் ஒரு பச்சை அம்பு முளைத்தது.

"பாருங்க சித்தி, பதினேழாவது மூவ்ல குதிரையை இங்க வெச்சிருக்கணும். நான் யானையை நகர்த்திட்டேன். பெரிய பிளண்டர்."

"குதிரையை ஏன் அங்க வைக்கணும்?"

"அம்பு அங்கதானே காட்டுது!"

சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தாவிவிட்டாள். பத்தே நிமிடத்தில் மூன்று தோல்விக்கும் காரணம் கண்டுபிடித்தாயிற்று. முறுக்கு டப்பாவைத் தேடிச் சமையலறைக்குப் போய்விட்டாள். போனும் நானும் கூடத்தில் மிச்சம்.

செயற்கை நுண்ணறிவு வந்தால் மனிதர்கள் நன்றாக யோசிப்பார்களா, யோசிப்பதையே விட்டுவிடுவார்களா என்று பெரியவர்கள் மேடை போட்டு வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு என்னவோ அந்த வழக்கை 64 கட்டங்களுக்குள்ளேயே விசாரிக்கலாம் என்று தோன்றுகிறது. நமக்கெல்லாம் இப்போதுதான் கெட்டிக்கார இயந்திரத்தோடு பழக்கம். செஸ் ஆடுகிறவர்களுக்கோ கிட்டத்தட்ட 30 வருடப் பழக்கம். அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை நிறைய.

முதலில் அந்த அம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 வழிகள் உண்டு. எட்டு சிப்பாய்க்கும் ஆளுக்கு இரண்டு, இரண்டு குதிரைக்கும் ஆளுக்கு இரண்டு. வேண்டுமானால் பலகையை எடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள். கறுப்புக்கும் அதே 20. ஆக, ஆளுக்கு ஒரு முறை நகர்த்தி முடித்ததும் 400 விதமான ஆட்டங்கள். வெள்ளை மறுபடி நகர்த்தினால் 8,902. கறுப்பும் நகர்த்திவிட்டால் 1,97,281. பெரும்பாலான ஆட்டங்களில் இன்னும் யாரும் எதையும் வெட்டக்கூட ஆரம்பித்திருக்க மாட்டார்கள், அதற்குள் கிட்டத்தட்ட இரண்டு லட்சத்தைத் தொட்டுவிட்டோம்!

மனித மூளை இதையெல்லாம் எண்ணுவதே இல்லை. "இது உதவாது, அதுவும் உதவாது" என்று பெரும்பாலானவற்றைப் பார்க்காமலே ஒதுக்கிவிட்டு, இரண்டு மூன்று வழிகளை மட்டும் கொஞ்சம் ஆழமாகப் பார்க்கிறது. செஸ் ஆடும் நிரல், அதை எஞ்ஜின் என்பார்கள், நம்மைவிடப் பல கோடி மடங்கு அதிகமாகப் பார்க்கும். பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்லும். +1.3 என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாயும் கொஞ்சமும் கூடுதலாக இருப்பது போன்ற லாபம் என்று அர்த்தம். எந்த நகர்த்தலில் நல்ல எண் வருகிறதோ அந்தப் பக்கம் அம்பு.

கவனித்தீர்களா? அம்பு இருக்கிறது, எண் இருக்கிறது, காரணம் இல்லை. சாமான் பட்டியல் இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் எழுதிய மளிகைக் கடை பில் மாதிரி. தொகை சரியாகத்தான் இருக்கும். ஆனால் பருப்பு என்ன விலை என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

காரணம் தெரியாத இடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? தாங்களே ஒரு காரணத்தை இட்டுக்கட்டிக்கொள்வார்கள். அப்படி ஒரு கதை உண்டு.

1997 மே மாதம். உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ் நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினியோடு ஆறு ஆட்டங்கள் ஆட உட்கார்ந்தார். முந்தைய வருடம் ஃபிலடெல்ஃபியாவில் அதே கணினியை 4-2 என்று வென்றிருந்தார். இப்போது அது இன்னும் வலுவாக வந்திருந்தது. ஒரு விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும். முதல் ஆட்டத்தில் காஸ்பரோவே ஜெயித்தார். ஆனால் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், 44-வது நகர்த்தலில், கணினி தன் யானையை எதற்கும் உதவாத ஓர் இடத்துக்கு நகர்த்தியது. ஏன்? காஸ்பரோவும் அவருடைய குழுவும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நமக்கு எட்டாத தூரம்வரை பார்த்துவிட்டுத்தான் இப்படி ஆடியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

டீப் புளூவை உருவாக்கியவர்களில் ஒருவர் பல வருடங்கள் கழித்து உண்மையைச் சொன்னார். அது நிரலில் இருந்த ஒரு பிழையாம்! எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் சிக்கிக்கொண்ட கணினி, குலுக்கல் சீட்டு எடுப்பதுபோல ஏதோ ஒன்றை எடுத்து ஆடிவிட்டது.

இரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் ஒரு கட்டத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். பிறகு ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டது என்ன தெரியுமா? விடாமல் செக் வைத்துக்கொண்டே போயிருந்தால் அந்த ஆட்டத்தை அவர் டிரா செய்திருக்கலாம். உலகத்திலேயே அந்த வழியைத் தேடத் தகுதியான ஆள் அவர்தான்; அவர் தேடவில்லை. இவ்வளவு பெரிய இயந்திரம் அந்த ஓட்டையை விட்டிருக்காது என்று நம்பிவிட்டார். முதல் ஆட்டத்து யானை அந்த நம்பிக்கையில் எவ்வளவு பங்கு வகித்தது என்று நான் அளந்து சொல்ல மாட்டேன். தொடரை டீப் புளூ 3.5-2.5 என்று வென்றது.

என் அக்கா மகளுக்கு இந்தக் கதையை அன்று இரவே சொன்னேன். "அப்ப கம்ப்யூட்டர் சொன்னா நம்பக் கூடாதா?" என்றாள். அப்படியில்லை. இன்றைய எஞ்ஜினை எந்த உலக சாம்பியனாலும் வெல்ல முடியாது. செஸ்ஸில் அது சொல்வது பெரும்பாலும் சரிதான். கேள்வி வேறு. அது சொல்வது சரி என்பதால் நமக்கு என்ன ஆகிறது?

இதற்குப் பதில் தேட நியூயார்க்வரை போக வேண்டியதில்லை. சென்னையே போதும். இங்கே விஷ்ணு பிரசன்னா என்ற கிராண்ட்மாஸ்டர், குகேஷ் என்ற சிறுவனுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தக் காலத்தில் செஸ் கற்றுக்கொள்ளும் பெரும்பாலான பிள்ளைகள் கையில் எஞ்ஜின் இருந்தது. விஷ்ணு ஒரு விநோதமான முடிவு எடுத்தார். எஞ்ஜின் இப்போதைக்கு வேண்டாம். ஒரு நிலையைப் பலகையில் வைத்தால், அதை உட்கார்ந்து கண்ணால் பார்த்துத் தலைக்குள்ளேயே கணக்குப் போட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். சரியா தப்பா என்று கேட்கப் பக்கத்தில் இயந்திரம் இருக்காது. 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை குகேஷ் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தார். அதற்குப் பிறகு அவரும் எஞ்ஜினை நன்றாகவே பயன்படுத்தினார். உச்சத்தில் ஆடுகிறவர்களில் அதைப் பயன்படுத்தாதவர் யாரும் இல்லை. வரிசைதான் முக்கியம்: தலை முதலில், எஞ்ஜின் பிறகு.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம், கடைசி ஆட்டம். இருவரும் 6.5 புள்ளி. எதிராளி டிங் லிரன் வெள்ளை, குகேஷ் கறுப்பு. பலகையில் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு பிஷப். குகேஷிடம் இரண்டு சிப்பாய், டிங்கிடம் ஒன்று. டிரா ஆகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 55-வது நகர்த்தலில் டிங் தன் யானையை நகர்த்தி, யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்று நீட்டினார். வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நமக்கெல்லாம் திரையோரத்து எண் சடாரென்று தாவியது. என்ன நடந்தது என்று புரியாமலே நாம் கத்தினோம்.

மேடையில் இருந்தவருக்கு எண் கிடையாது, அம்பு கிடையாது. குகேஷுக்கும் முதல் நொடியில் பிடிபடவில்லை, வேறு எதையோ ஆடவிருந்தேன் என்று பிறகு அவரே சொன்னார். அப்புறம்தான் பலகையின் மூலையில் இருந்த டிங்கின் பிஷப் கண்ணில் பட்டது. யானைகளை வெட்டிக்கொண்டபின் தன் பிஷப்பை நடுவில் கொண்டுபோய் எதிரே நிறுத்தினால், மூலையில் மாட்டிய பிஷப்புக்குத் தப்பிக்க இடமில்லை. அதையும் வெட்டிக்கொண்டால் மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும்தான். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயம். மூன்றே நகர்த்தலில் டிங் கை கொடுத்துவிட்டார். 18 வயதில் உலக சாம்பியன். அந்தக் கணக்கு முழுக்க அந்த நேரத்தில் அந்தத் தலைக்குள் நடந்தது.

"அப்ப எஞ்ஜின் இல்லாமலே இருந்திருக்கலாமே?" இதுவும் அவள் கேட்டதுதான். நல்ல கேள்வி. பதிலுக்கு நாம் வேறொரு பலகைக்குப் போக வேண்டும்.

சீனாவில் ஆயிரக்கணக்கான வருடங்களாகவும், கொரியாவிலும் ஜப்பானிலும் நெடுங்காலமாகவும் ஆடப்படும் ஆட்டம் ஒன்று உண்டு. உலகம் அதை 'கோ' என்று அழைக்கிறது. நம் ஆடுபுலி ஆட்டம் மாதிரியே கட்டத்துக்குள் வைக்காமல் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் காய் வைப்பார்கள். குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு, 361 புள்ளிகள். எதிராளியைவிட அதிக இடத்தை வளைத்துப் பிடித்தவர் ஜெயித்தவர். செஸ்ஸைவிட வழிகள் பன்மடங்கு அதிகம். இயந்திரத்தால் இதில் மனிதனை நெருங்க முடியாது என்று வெகுநாள் நம்பியிருந்தார்கள்.

2016 மார்ச்சில் சியோல் நகரத்தில், லீ செடோல் என்ற மாபெரும் ஆட்டக்காரரோடு டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்பாகோ மோதியது. இரண்டாவது ஆட்டம், 37-வது காய். ஆட்டத்தின் ஆரம்பத்தில் விளிம்பிலிருந்து மூன்றாவது, நான்காவது கோட்டில்தான் ஆட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் குருமார்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆல்பாகோ ஐந்தாவது கோட்டில் போய் உட்கார்ந்தது. வர்ணனையாளர்கள் தப்பாக வைத்துவிட்டதோ என்று குழம்பினார்கள். லீ பத்து நிமிடத்துக்கும் மேல் யோசித்தார். ஒரு மனிதர் அந்த இடத்தில் வைக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்பது ஆல்பாகோவின் சொந்தக் கணக்கு. அந்தக் காய்தான் பிற்பாடு ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியது.

தொடர் 4-1 என்று ஆல்பாகோவுக்குப் போனது. அந்த ஒன்று இருக்கிறதே, நான்காவது ஆட்டம், அதில் 78-வது காயாக லீ ஒரு இடத்தில் வைத்தார் பாருங்கள், இயந்திரம் தடுமாறிப்போனது. அந்தக் காயை ஒரு மனிதர் வைக்கும் வாய்ப்பையும் ஆல்பாகோ பத்தாயிரத்தில் ஒன்று என்றுதான் கணித்திருந்தது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. அதற்குப் பிறகு மனித ஆட்டக்காரர்கள் என்ன ஆனார்கள்? இதைச் சில விஞ்ஞானிகள் அளந்து பார்த்தார்கள். 1950 முதல் 2021 வரை தொழில்முறை ஆட்டக்காரர்கள் வைத்த 58 லட்சம் காய்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு நல்ல முடிவு என்று ஒரு கோ நிரலைக் கொண்டு மதிப்பெண் போட்டார்கள். பல பத்தாண்டுகளுக்கு மதிப்பெண் கோடு பெரிய ஏற்றமில்லாமல் கிடந்தது. ஆல்பாகோ வந்தபின் கோடு மேலே ஏற ஆரம்பித்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இதுவரை யாரும் ஆடியிராத புதுப்புது நகர்த்தல்கள் அதிகமாயின, அவை நல்ல முடிவுகளாகவும் இருந்தன. 2023-ல் இந்த ஆய்வு வெளியானது.

"அங்கெல்லாம் ஆடக் கூடாது" என்று பழைய பாடம் பூட்டிவைத்திருந்த அறையின் கதவை இயந்திரம் திறந்துவிட்டது. உள்ளே போய்த் துழாவியவர்கள் மனிதர்கள். செஸ்ஸிலும் இதே கதைதான். 2017-ல் ஆல்பாஜீரோ என்ற நிரல் விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு, தன்னோடு தானே ஆடி ஆடிக் கற்றுக்கொண்டது. ஓரத்துச் சிப்பாயை அது முரட்டுத்தனமாக முன்னே தள்ளுவதைப் பார்த்துப் பெரிய ஆட்டக்காரர்கள் அந்தப் பாணியை எடுத்துக்கொண்டார்கள்.

புதிய கதவைக் காட்டுகிற இயந்திரத்துக்குக் குருட்டு இடமும் உண்டு. கட்டாகோ என்ற கோ நிரல் எந்த மனிதரையும் வெல்லக்கூடியது. 2023-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஒருவர், தொழில்முறை ஆட்டக்காரர்கூட இல்லை, அந்த நிரலை 15 ஆட்டங்களில் 14 முறை தோற்கடித்தார். எப்படி? பலகையின் மூலைகளில் எதையோ ஆடிக் கவனத்தைத் திருப்பிக்கொண்டே, நிரலின் காய்க்கூட்டம் ஒன்றைச் சுற்றி மெதுவாக ஒரு பெரிய வட்டம் போட்டார். வட்டம் மூடப்போகிறது, நிரலுக்குத் தெரியவே இல்லை. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். வேடிக்கை இதோடு முடியவில்லை. அந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்ததே இன்னொரு நிரல்தான்!

செஸ்ஸும் கோவும் பலகையோடு முடிந்துவிடும். வாழ்க்கையில் எண்ணும் கிடையாது, 64 கட்டமும் கிடையாது. நீங்கள் போனில் கேள்வி கேட்டுப் பேசுகிறீர்களே, அந்த அரட்டை நிரல்கள் இன்னும் வேறு மாதிரி. ஒருமுறை அவற்றில் ஒன்றோடு செஸ் ஆடிப் பாருங்கள். நடுவில் விதிக்கே ஒவ்வாத நகர்த்தலைக் கூச்சமில்லாமல் ஆடிவிடக்கூடும்.

அக்கா மகள் அப்படி ஒரு நிரலிடமும் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போட்டி, திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. "போட்டிக்குப் போகலாம்னு நினைக்கிறேன், சரியா?" என்று தட்டினாள். சூப்பர் முடிவு, அனுபவம் கிடைக்கும் என்று பதில் வந்தது. குறும்பு அவளுக்கு. புதிதாகத் தொடங்கி, "போட்டியை விட்டுட்டுப் படிக்கலாம்னு நினைக்கிறேன், சரியா?" என்று கேட்டாள். பொறுப்பான முடிவு என்று அதையும் பாராட்டியது.

"ரெண்டு பக்கமும் தலையாட்டுது சித்தி, பூம்பூம் மாடு மாதிரி."

நான் வேறு மாதிரி கேட்கச் சொன்னேன். "நான் போட்டிக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டேன். இதில் நான் யோசிக்காமல் விட்டது என்ன? என் முடிவு தப்பு என்று வாதாடு." இந்தத் தடவை ஐந்து விஷயம் வந்தது. மூன்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. ஒன்று அசட்டுத்தனம். இன்னொன்று: போட்டி எத்தனை மணிக்கு முடியும் என்று விசாரித்தாயா? விசாரிக்கவில்லை. அக்கா போன் போட்டுக் கேட்டாள். மாலை ஆறு மணியாம். முந்தின நாளே படித்து முடித்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

தலை முதலில், இயந்திரம் பிறகு என்ற வரிசையை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம், செலவு இல்லை. செஸ் ஆடுகிறவர்கள் எஞ்ஜினை வைத்துச் செய்யுங்கள். ஆடாதவர்கள் நாளைக்கு மழை வருமா என்பதை வைத்துச் செய்யலாம். வானத்தையும் காற்றையும் பார்த்து நீங்களே எழுதிவைத்துவிட்டு, அப்புறம் வானிலை அறிக்கையைப் பாருங்கள். எழுதாமல் மனசுக்குள் வைத்திருந்தால் நடக்காது. பதிலைப் பார்த்தபின் "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனசு கூசாமல் பொய் சொல்லும். என் மனசு நிறைய சொல்லியிருக்கிறது.

இதற்காகத்தான் அக்கா மகளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துக்கு இரண்டு கோடு கிழித்து மூன்று பத்தி பிரித்துக்கொண்டாள். முதல் பத்தி, 'நான் நினைச்சது'. இரண்டாவது, 'அம்பு'. மூன்றாவது, 'ஏன்'. முதல் பத்தி எழுதி முடிக்கும்வரை போன் அலமாரிக்குள் இருக்கும் என்று ஒப்பந்தம்.

பதினேழாவது மூவிலிருந்தே ஆரம்பித்தோம். தரையில் நிஜப் பலகையை வைத்துக் காய்களை அடுக்கினாள். முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். குதிரையைத் தூக்கி அம்பு சொன்ன கட்டத்தில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அரைமணி நேரம் ஆகியிருக்கும். நான் துவரம்பருப்பில் கல் பொறுக்கி முடித்துவிட்டேன்.

"அய்யோ! அவங்க பிஷப் குறுக்க வர்ற வழியை இந்தக் குதிரை அடைக்குது சித்தி. நான் யானையை நகர்த்தினதும் அந்த வழியிலதான் வந்தாங்க."

மூன்றாவது பத்தியில் 'பிஷப் வழி அடைப்பு' என்று எழுதி அடியில் கோடு போட்டாள்.

இப்போது நோட்டில் பன்னிரண்டு பக்கம் நிறைந்திருக்கிறது. நேற்று புரட்டிப் பார்த்தேன். நான்கு இடத்தில் முதல் பத்தியும் இரண்டாவது பத்தியும் ஒன்றாகவே இருந்தன. அங்கெல்லாம் ஒரு சின்ன நட்சத்திரம். ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் அம்பு, ராஜாவைக் காரணமே இல்லாமல் ஓர் ஓரமாக நகர்த்தச் சொல்கிறது. 'ஏன்' பத்தியில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி, மூன்று வாரமாக அப்படியே நிற்கிறது. பலகையை வைத்து நானும் பார்த்தேன், எனக்கும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைக் கோச்சிடம் காட்டப்போகிறாளாம்.